கிராவல் பைக்கும் எங்க இட்டேரியும்

கொஞ்ச வருசமா எங்க பக்கம், அதாவது சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவுல இருக்கிற காட்டுப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பிள்ளைகள். ஐ.டி.யில் வேலை செய்கிறவர்கள், டாக்டர்கள், பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் எல்லாம் உண்டு. சைக்கிளுக்குப் பேர் என்ன என்று கேட்டேன். கிராவல் பைக் என்றார்கள். எங்களுக்குக் கிராவல் என்றால் லாரியில் கொண்டுவந்து கொட்டும் செம்மண் சரளைதான். அந்த மாதிரித் தரையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளாம். கைப்பிடி ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்சிருக்குது, டயர் மட்டும் தடிமன்.

அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "ஐயா, காரு லாரி வராத தடம் இந்தப் பக்கம் எங்க இருக்குங்க?" இட்டேரியைக் காட்டினால் சந்தோசமாகப் போய்விட்டு வந்து, அடுத்த கேள்வி கேட்கிறார்கள். "இது எத்தனை வருசத்துப் பாதைங்க?"

இதுக்கு ரோட்டோரம் நின்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு. நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் ஊரைப் பற்றி, தடத்தைப் பற்றி, கிடைத்ததை எல்லாம் படித்து வைத்திருக்கிறேன். பெரியவர்கள் சொன்னதும் நினைவில் இருக்கிறது.

இட்டேரி என்றால்

கொங்கு நாட்டில் இரண்டு பக்கமும் உயிர்வேலி இருந்து, நடுவில் வண்டி போகிற மண் தடம் இருந்தால் அதுதான் இட்டேரி. வேலி என்றால் கம்பி வேலி இல்லை. கிளுவை முள் நட்டு வளர்த்த வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டாலே தழைத்துவிடும். நாலைந்து வருசத்தில் ஆடு நுழைய முடியாத சுவர் மாதிரி ஆகிவிடும். அதன்மேல் பிரண்டை, கோவைக்கொடி, முசுமுசுக்கை, சங்குப்பூ எல்லாம் தானாக ஏறும். அடியில் ஆவாரை இருக்கும். ஊடே வேம்பும் வெள்வேலமரமும் நிற்கும். காடை, கவுதாரி, கீரி, ஓடக்கான், பாம்பு எல்லாத்துக்கும் அதுதான் வீடு.

இந்த வேலி அழகுக்காக வைத்தது இல்லை. எங்கள் ஊர் மழை குறைந்த ஊர். மானாவாரி வெள்ளாமை பாதி, மாடு ஆடு பாதி என்றுதான் பிழைப்பு. விதைக்காத காட்டைக் கொறங்காடு என்று மேய்ச்சலுக்கு விட்டுவிடுவோம். கொழுக்கட்டைப் புல் தானாக முளைக்கும், வெள்வேலமரத்துக் காயை ஆடுமாடு தின்னும், சுற்றிலும் கிளுவை வேலி நிற்கும். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் ஆள் கூட வேண்டாம். காங்கயம் மாடு என்று நீங்கள் கேள்விப்படுகிற அந்த இனம் இந்தக் கொறங்காட்டில் வளர்ந்ததுதான்.

ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் வேலி போட்டால் நடுவில் போக வர வழி வேண்டுமல்லவா? மாடு ஓட்டிக்கொண்டு போகும்போது அது இரண்டு பக்கத்து வெள்ளாமையிலும் வாய் வைக்கக் கூடாது. வெள்ளாமைக்காரனும் மாட்டுக்காரனும் சண்டை போடாமல் இருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடுதான் இட்டேரி. ஒரு தோட்டத்தில் இருந்து பக்கத்துத் தோட்டம், அங்கிருந்து ஊர், ஊரில் இருந்து கோயில், கோயிலில் இருந்து சந்தை என்று இந்தத் தடங்கள் வலை மாதிரி ஓடும்.

பெருவழி

இட்டேரி கிளை என்றால் பெருவழி அடிமரம். அதையும் சொன்னால்தான் கதை முழுசாகும்.

மேற்கு மலையில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறது. மழையும் காற்றும் மட்டும் இல்லை, வியாபாரமும் அந்த வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் வந்தது. கேரளக் கரையில் முசிறித் துறைமுகத்தில் ரோமாபுரிக் கப்பல் வந்து நின்ற காலத்தில், அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, நொய்யல் ஆற்றை ஒட்டியே கிழக்கே கரூர் வரைக்கும் போய், அப்புறம் காவிரிக்கரையோடு உறையூர், பூம்புகார் என்று கீழ்க்கடல் வரைக்கும் போயிருக்கிறார்கள். அதைக் கொங்கப் பெருவழி என்கிறார்கள்.

அந்த வழியில்தான் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கொடுமணலும் அந்த வழியில்தான் இருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர், நொய்யலின் வடகரை. 1985ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்து அகழாய்வு செய்தார்கள். அதற்குப் பின்னாலும் பல தடவை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, மணி செய்த பட்டறை, பேர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. காங்கயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைக்கும். கொடுமணலில் அதைப் பட்டை தீட்டி மணியாக்கியிருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள் அறிஞர்கள்.

இப்போ நாம பருத்திக்கும் மஞ்சளுக்கும் விலை இல்லை என்று புலம்பும் இதே மண்ணில், 2000 வருசத்துக்கு முன்னால் கல்லைத் தேய்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதுக்கு வழி வேண்டும். வழியை யாராவது காக்க வேண்டும்.

கோயமுத்தூரில் சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் ராசகேசரிப் பெருவழி என்று வெட்டி வைத்திருக்கிறது. ஒரே செய்தியைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் எழுதியிருக்கிறார்கள். சோழநாட்டில் இருந்து வருகிறவனுக்கு ஒரு எழுத்து, சேரநாட்டில் இருந்து வருகிறவனுக்கு ஒரு எழுத்து என்று நான் எடுத்துக்கொள்கிறேன். முதலாம் ஆதித்த சோழன் காலம் என்பது பலருடைய கருத்து. கணக்குப் பார்த்தால் 1100 வருசம்.

இதைவிட எனக்குப் பிடித்தது தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழி மைல்கல். நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று எழுதியிருக்கிறது. எழுதியதோடு விடவில்லை. கீழே 2 பெரிய குழி, 9 சின்னக் குழி குடைந்து வைத்திருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று பத்துக்குச் சமம். எழுத்துத் தெரியாதவனும், இருட்டில் வருகிறவனும் விரலால் தடவிப் பார்த்தால் 29 என்று தெரிந்துவிடும். வண்டியோட்டிக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்துப் பார்த்து ஒருத்தர் அந்தக் குழியைக் குடைந்திருக்கிறார்.

இன்னொன்று. உப்பு வியாபாரிகள் வண்டிக்கு அடியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு ஒன்று கட்டிக்கொண்டு போவார்கள் என்று புறநானூற்றில் வருகிறது. சைக்கிள்காரத் தம்பிகள் சீட்டுக்கு அடியில் ஸ்பேர் டியூப் கட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். கல்லும் முள்ளும் இருக்கிற தடத்தில் போகிறவனுக்கு 2000 வருசமாக ஒரே கவலைதான்.

எங்கள் இட்டேரிதான் அந்தப் பெருவழி என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது கதை. பெருவழி போன திசையில் இப்போ ரயிலும், சேலம் கொச்சி நாலுவழிச் சாலையும் போகிறது. பெரிய வழி எப்பவும் பெரிய ஆட்களுக்குப் போய்விடும். நமக்கு மிஞ்சியது கிளை வழிகள்தான்.

மாட்டு வண்டிக் காலம்

எங்க அப்பாரு காலத்தில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்நோம்பிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு இட்டேரி வழியாகத்தான் போவார்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தை காங்கயம் மாட்டுக்குப் பேர் போனது. ஆடியில் அந்தியூர்ச் சந்தை. ராத்திரி வெயில் தாழ ஓட்டினால் விடிய விடிய நடை. வழியில் தொட்டித் தண்ணீர் இருக்கும், சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பதுதான் சுமைதாங்கி. தலைச்சுமையை இறக்கி வைக்கிறதுக்கு. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்கள் நினைவாக வைத்த கல்லும் உண்டு. சைக்கிள்காரர்கள் அதை ஏதோ பெஞ்சு என்று நினைத்து உட்காருகிறார்கள். உட்காரலாம், தப்பில்லை. இளைப்பாறத்தான் வைத்தது. ஆனால் அது என்ன என்று தெரிந்து உட்காருங்கள்.

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டிருந்த காலத்தில் தடத்தில் இரண்டு கோடு ஆழமாக விழுந்திருக்கும். எதிரில் வண்டி வந்தால் யாராவது ஒருத்தர் ஒதுங்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டிக்கு வெறும் வண்டி ஒதுங்கும். இதெல்லாம் எழுதாத சட்டம்.

காகிதத்தில் ஏறிய தடம்

1799ல் திப்பு சுல்தான் இறந்த பிறகு கொங்கு நாடு கும்பெனி கைக்குப் போனது. ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்தது. வரி வாங்க வேண்டுமானால் நிலத்தை அளக்க வேண்டும். சர்வே கல் நட்டு, ஒவ்வொரு காட்டுக்கும் எண் போட்டு, வரைபடம் போட்டார்கள். வரி வாங்கத்தான் அளந்தார்கள், ஆனால் அதில் நமக்கும் ஒரு நன்மை நடந்தது. இட்டேரிகள் பலதும் வண்டிப்பாதை என்று தனி எண்ணோடு புறம்போக்காகப் பதிவாகிவிட்டன. 1905ல் வந்த நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுப்பாதை எல்லாம் சர்க்கார் சொத்து என்று சொல்லிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் உண்டு.

எல்லா இட்டேரியும் அப்படி இல்லை. சிலது பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். அதற்குக் கிரையப் பத்திரத்தில் மாமூல் வழித்தட பாத்தியம் என்று எழுதுவார்கள். வண்டி, கால்நடை, ஆள் போக வர உரிமை உண்டு என்று அர்த்தம். இதுக்கு 1882ஆம் வருசத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் 20 வருசம் தடங்கல் இல்லாமல், உரிமையோடு போய்வந்தால் அந்த வழி பாத்தியமாகிவிடும். அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 20 வருசம் யாரும் போகவே இல்லை என்றால் பொதுவாக அந்தப் பாத்தியம் போய்விடும்.

இந்த ஒரு விசயத்தை நகரத்து நண்பர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கோயிலைப் பூட்டி வைத்தாலும் கோயில்தான். கல்வெட்டு மண்ணில் புதைந்து கிடந்தாலும் கல்வெட்டுதான். வழி அப்படி இல்லை. போனால்தான் வழி. போகாவிட்டால் புறம்போக்காக இருந்தாலும் காகிதத்தில்தான் இருக்கும், தரையில் இருக்காது.

எப்படிப் போகுது

இட்டேரி அழிவதற்குக் கெட்டவர்கள் மட்டும் காரணம் இல்லை. கிளுவை வேலியை வருசா வருசம் கழிக்க வேண்டும். அதுக்கு ஆள் இல்லை, கூலி கட்டுவதில்லை. வேலி இரண்டு பக்கமும் நாலைந்து அடி பிடிக்கும். தென்னை வைக்கிறவன் அந்த இடத்தையும் கணக்குப் பார்க்கிறான். ஜே.சி.பி. ஒரு நாள் வந்தால் அறுபது வருசத்து வேலி வேரோடு போய்விடும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் வேலை முடிந்தது. மாட்டு வண்டியும் போய்விட்டது, சந்தைக்கு மாடு இப்போ வேனில் போகிறது. அப்புறம் இட்டேரியில் யார் போவார்கள்? ஆடு மேய்க்கிற ஆத்தாவும், சைக்கிளில் வருகிற நீங்களும்தான்.

தார் ரோடு வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். சில தம்பிகள் "ஐயா, இதுக்குத் தார் போட விட்றாதீங்க" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்களுக்கு அது சரி. மழை பெய்த ராத்திரியில் பிரசவ வலி வந்த பொண்ணை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு சேற்றில் போனவர்களுக்கு அது சரிப்படாது. பள்ளிக்கூட வேன் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், பால் வண்டி வர வேண்டும். ஊருக்குப் போகிற முக்கியத் தடத்துக்குத் தார் வேண்டும். நான் கேட்பது, தார் போடும்போது இரண்டு பக்க வேலியையும் எதுக்குப் பிடுங்க வேண்டும்? ஒரு ஊருக்கு ஒரு தார் ரோடு போதும், மற்ற நாலு இட்டேரியை எதுக்கு ஆக்கிரமிப்புக்கு விட வேண்டும்?

எங்கள் ஊரில் இருந்து பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போகிற இட்டேரி சுமார் 2 கிலோமீட்டர். நடுவில் இரண்டு பக்கமும் இருந்த காட்டை ஒருத்தரே வாங்கினார். வெளியூர்க்காரர். வாங்கி ஆறு மாதத்தில் தடத்தையும் சேர்த்து வளைத்துக் கம்பி போட்டுவிட்டார். புலப்பட நகல் வாங்கி, வண்டிப்பாதை என்று இருக்கிறதைக் காட்டி, நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். அளக்க வந்தவர் கேட்டது, "இதுல யாருங்க போறாங்க இப்போ?"

ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருத்தர் அங்கேயே நின்றார். "நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இதுலதான் போறனுங்க, இப்ப கம்பிக்குள்ள புகுந்து போறனுங்க" என்றார். சைக்கிள்காரத் தம்பி ஒருவர் போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் இதே இட்டேரியில் ஓட்டிய தடத்தைப் போனில் பதிவு பண்ணி வைத்திருந்தார். தேதியோடு, வரைபடத்தோடு. அதைப் பிரிண்ட் போட்டு மனுவோடு சேர்த்தோம். சட்டத்தில் அதுக்கு எவ்வளவு எடையோ, அளக்க வந்தவர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். இப்போ அளந்து கல் நட்டிருக்கிறது. கம்பி இன்னும் எடுக்கவில்லை. விடப்போவதில்லை.

இத்தாலியில் நடந்தது

அந்தத் தம்பிதான் இத்தாலிக் கதையும் சொன்னார். அங்கே டஸ்கனி என்று ஒரு பகுதி. திராட்சைத் தோட்டமும் ஆலிவ் மரமும் உள்ள குன்றுகள். அதன் ஊடே வெள்ளைச் சரளைத் தடங்கள். எல்லாத்துக்கும் தார் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். 1997ல் காயோலே என்ற சின்ன ஊரில் சிலர் சேர்ந்து, பழைய சைக்கிளில், பழைய உடுப்பில், அந்தத் தடத்தில் ஒரு ஓட்டம் நடத்தினார்கள். லெரோய்கா என்று பேர். முதல் தடவை வந்தது 92 பேர்தான். பின்னால் ஆயிரக்கணக்கில் வர ஆரம்பித்தார்கள். அப்புறம் பெரிய வீரர்கள் ஓட்டும் பந்தயமே அந்த வெள்ளைத் தடத்தின் பேரில் வந்துவிட்டது. இப்போ அந்தத் தடங்கள் அந்த ஊருக்கு ஒரு பெருமை, ஒரு பிழைப்பு.

நமக்குப் பந்தயம் வேண்டாம். ஆயிரம் பேர் வந்தால் ஆடு மிரளும். ஆனால் அவர்கள் செய்ததில் ஒரு பாடம் இருக்கிறது. ஆட்கள் போகிற தடத்தை எடுத்துவிட அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் கை வராது.

வருகிறவர்களுக்கு

மார்கழி, தை, மாசி நல்ல காலம். வேலியில் பச்சை இருக்கும், வெயில் குறைவு. சித்திரையில் வந்தால் பத்து மணிக்கு மேல் தாங்காது. ஐப்பசி மழையில் சேறு சக்கரத்தில் அப்பிக்கொள்ளும்.

சென்னிமலையில் இருந்து கொடுமணல் வரைக்கும் காட்டு வழியில் போகலாம். கொடுமணலில் பெரிய கட்டடம் ஒன்றும் இருக்காது. வயலும் ஈமக்காட்டுக் கற்களும்தான். பக்கத்தில் 1992ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. சாயத்தண்ணி தேங்கி எத்தனை காடு கெட்டது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், அதுவும் வரலாறுதான். தூரம் போக வேண்டும் என்றால் கீழ்பவானி வாய்க்கால் கரை இருக்கிறது, பவானிசாகரில் இருந்து சுமார் 200 கிலோமீட்டர். பழசு வேண்டும் என்றால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். கரையில் போகும்போது மண் எங்கே சரிந்திருக்கிறது என்று பார்த்து ஓட்டுங்கள்.

கருவேல முள் டயரைக் குத்தும், மாற்று டியூப் இரண்டு கொண்டுவாருங்கள். எதிரில் ஆடுமாடு வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். நாய் துரத்தினால் ஓட்டாதீர்கள், நின்றால் அதுவும் நின்றுவிடும். வேலியில் இருக்கிற கோவைப்பழம் பறிக்கலாம், தோட்டத்து இளநீரைக் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். பாதை தெரியவில்லை என்றால் போனைப் பார்க்காமல் யாரையாவது கேளுங்கள். போன் தார் ரோட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும்.

போன தடத்தைத் தேதியோடு பதிவு பண்ணி வையுங்கள். எங்காவது புதுசாகக் கம்பி கட்டி மறித்திருந்தால் படம் எடுத்து அந்த ஊர்க்காரர்களிடம் கொடுங்கள். சண்டை நீங்கள் போட வேண்டாம், அது எங்க வேலை. கொறங்காட்டுப் படலைத் திறந்து போனால் மறக்காமல் சாத்திவிட்டுப் போங்கள். மாடு வெளியே போய்விட்டால் தேடுகிறதுக்கு ஒரு நாள் போயிருமுங்க.